திருத்தணிப் பள்ளிகளும் முகக்கவசமும்: எல்லை ஊரிலிருந்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

கொரோனாக் காலத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வி பல நாடுகளில் நீதிமன்றம்வரை போனது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2021 ஜூலை 30 அன்று ஆளுநர் ரான் டிசாண்டிஸ் பிறப்பித்த ஆணை, பள்ளிகள் அதைக் கட்டாயமாக்குவதற்கே தடை போட்டது. அதை எதிர்த்தும் ஆதரித்தும் பெற்றோர் வழக்காடினர். தமிழ்நாட்டில் அவ்வளவு பெரிய கொந்தளிப்பு எழவில்லை. அதனால் இங்கே கருத்து மாறுபாடே இல்லை என்று கொள்வது பிழை. இங்கே அது வீட்டுத் திண்ணையிலும் பள்ளி வாசலிலும் தாழ்ந்த குரலில் நடந்தது. கவசம் இல்லாமல் பிள்ளையை அனுப்ப அஞ்சிய தாயும், ஐந்து வயதுப் பிள்ளை அதை எத்தனை நாழிகை தாங்கும் என்று கேட்ட தாயும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

இந்த மாறுபாட்டை ஆராயத் திருத்தணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூர், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. மலையடிவாரத்திலிருந்து அரை மணி நேரம் பேருந்தில் போனால் சித்தூர் மாவட்டத்து நகரி. இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே நெசவு, கொண்டு கொடுத்த உறவு. வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. அரசுகள் மட்டும் இரண்டு. ஒரே தொற்றுக்கு அந்த இரண்டு அரசுகளும் பள்ளி வாசலில் வெவ்வேறு விடைகள் சொல்லின. ஆய்வாளர் முயன்றாலும் அமைக்க முடியாத ஒப்பீடு இங்கே தானாக அமைந்துவிட்டது.

எழுவகை மதங்களைக் கூறும் நன்னூல், இருவர் மாறுபட்டு நிற்கும்போது ஒருபக்கம் துணிதலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. இக்கட்டுரையும் துணிகிறது. முகக்கவசம் பள்ளிக் கதவைத் திறந்து வைக்க உதவிய வரை அந்த விதி நியாயமானது. எழுத்தறியத் தொடங்கும் குழந்தையின்மேல் அதை வயது பாராமல் ஏற்றியது தவறு. இதுவே என் துணிபு. இனி அதற்கான காரணங்கள்.

2. கேள்வியைப் பிரித்தல்

‘முகக்கவசம் வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்பதிலேயே பாதிக் குழப்பம் பிறக்கிறது. அதற்குள் நான்கு கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. கவசம் தொற்றைத் தடுக்கிறதா என்பது மருத்துவக் கேள்வி. அணிவதால் குழந்தை எதை இழக்கிறது என்பது கல்விக் கேள்வி. யார் ஆணையிடலாம் என்பது சட்டக் கேள்வி. கவசம் இல்லையென்றால் அதற்கு மாற்று எது என்பது நான்காவது. நம் ஊரில் பெரிதாகக் கேட்கப்படாமல் போனதும் இதுதான். மேலைநாட்டு விவாதங்களில் மாற்று, கவசம் இல்லாமல் திறந்திருக்கும் பள்ளி. தமிழ்நாட்டில் மாற்று, பூட்டிய பள்ளி. புளோரிடாவின் வாதத்தை அப்படியே எடுத்துவந்து திருத்தணியில் நிறுத்தினால் பொருந்தாமல் போவது இதனால்தான்.

3. இரண்டு மாநிலம், இரண்டு நாட்காட்டி

2020 மார்ச் நடுவில் இருபுறமும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆந்திரம் 2020 நவம்பர் 2 அன்று 9, 10ஆம் வகுப்புகளைத் திறந்தது. மூன்றே நாளில் 262 மாணவர்களுக்கும் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று உறுதியானதாகச் செய்தி வந்து நாடே பதறியது. பரிசோதனை பெருகியதால்தான் எண்ணிக்கை தெரியவந்தது, பள்ளியில் அது பரவியதாகக் கொள்ள முடியாது என்று அம்மாநில அதிகாரிகள் விளக்கினர். கதவை மீண்டும் மூடவில்லை. 2021 பிப்ரவரி 1 முதல் தொடக்க வகுப்புகளையும் நடத்தினர். இரண்டாம் அலையில் ஏப்ரலில் மூடி, ஆகஸ்ட் 16 அன்று மறுபடி திறந்தனர்.

தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறந்து, இரண்டாம் அலையில் மீண்டும் மூடின. அடுத்த திறப்பு செப்டம்பர் 1. அதுவும் 9 முதல் 12 வரைதான். ஒரு வகுப்பறைக்கு 20 பேர், எல்லோருக்கும் முகக்கவசம், ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி, வருகைக்குக் கட்டாயமில்லை என்று நெறிமுறை வந்தது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. சிறு பிள்ளைகளுக்குப் பத்தொன்பது மாதத்துக்கும் மேல் பள்ளி இல்லை. 2021 நவம்பரில் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த அரசுப் பள்ளிக் குழந்தை, முதல் வகுப்பறை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்ததே இல்லை.

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலை வந்தபோது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. சங்கராந்தி விடுமுறை முடிந்து ஜனவரி 17 அன்று நகரியில் மணி அடித்தது. திருத்தணியில் பிப்ரவரி 1 வரை அடிக்கவில்லை. ஜனவரி 14 முதல் 18 வரை தமிழ்நாட்டு வழிபாட்டுத் தலங்களிலும் பக்தர்களுக்கு அனுமதியில்லை. தைப்பூசமே அந்த நாட்களுக்குள் வந்தது. கோயிலும் பள்ளியும் ஒன்றாக மூடியிருந்த நாட்கள் அவை.

ஆந்திரத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கும் மூடல் நீண்டது, அங்கும் பிள்ளைகள் இழந்தார்கள். நான் காட்ட விரும்புவது ஒன்றுதான்: முகக்கவசத்தை நம்பிக் கதவைத் திறக்கும் துணிவு ஒரு புறத்தில் முன்னதாக வந்தது, மறுபுறத்தில் பின்னதாக வந்தது. கவசம் கட்டிய பிள்ளை எதை இழந்தது என்று எடை போடும்போது, கவசமும் பள்ளியும் இரண்டுமே இல்லாமல் வீட்டில் இருந்த பிள்ளையைத் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும்.

4. தடுக்கிறதா? சான்றுகளின் நிலை

குழந்தைகள் தொற்றைக் கடத்துகிறார்களா என்ற கேள்விக்கு உலகுக்கே முதலில் பெரிய தரவு கொடுத்தவை நம் இரு மாநிலங்கள். ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நடந்த தொடர்பறிதல் ஆய்வு 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர் என்ற அளவில் அமைந்தது அது. ஒத்த வயதினரிடையே, குறிப்பாக 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குள், தொற்று எளிதாகக் கடந்ததை அது காட்டியது. குழந்தைகள் பரப்பமாட்டார்கள் என்ற அன்றைய ஆறுதல் பேச்சு இத்தரவின்முன் நிற்கவில்லை. குழந்தைக்கு நோய் கடுமையாவது அரிது. ஆனால் நம் வீடுகளில் பள்ளி விட்டு வரும் பிள்ளை பாட்டியின் மடியில்தான் போய் விழுகிறது. இரண்டு பெற்றோரையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி என்று 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டியிருந்த காலம் அது. முகக்கவசம் கேட்ட பெற்றோரின் அச்சத்தை வெறும் பீதி என்று ஒதுக்குபவர்கள் இந்த அறிவிப்பை நினைவில் கொள்ள வேண்டும்.

கவசத்தின் பயன் குறித்த சான்றுகள் ஒரே திசையில் நிற்கவில்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் 3.4 லட்சம் பெரியவர்களிடையே நடந்த சோதனையில், கவசம் பரப்பிய கிராமங்களில் அறிகுறியோடு கூடிய தொற்று ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. அறுவைச் சிகிச்சைக் கவசத்துக்குப் பயன் தெளிவாகத் தெரிந்தது; துணிக் கவசத்துக்கு அத்தனை தெளிவில்லை. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020இல் தலைக்கு இரண்டு என வழங்கப்பட்டவை துணிக் கவசங்கள்தாம். ஏழை வீட்டுப் பிள்ளை அணிந்தது பெரும்பாலும் அதைத்தான். எச்சிலில் நனைந்ததும் அதுதான்.

பள்ளிகளைப் பற்றியே நடந்த ஆய்வுகளில் மூன்றைச் சொல்லலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப் பள்ளிகளைப் பார்த்த ஆய்வில், ஆசிரியர்களுக்குக் கவசம் கட்டாயமான பள்ளிகளில் தொற்று 37 விழுக்காடு குறைவு. காற்றோட்டத்தை மேம்படுத்திய பள்ளிகளில் 39 விழுக்காடு குறைவு. மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியதன் பயன் புள்ளியியல் உறுதி பெறவில்லை. பாஸ்டன் வட்டாரத்தில் 2022இல் விதியை நீக்கிய பள்ளி மாவட்டங்களில், நீக்காதவற்றைவிட 15 வாரங்களில் ஆயிரம் பேருக்கு 44.9 தொற்றுகள் கூடுதல். ஸ்பெயினின் கத்தலோனியாவில் 6 வயதிலிருந்து கவசம் கட்டாயம், 5 வயதுக் குழந்தைக்கு இல்லை. ஏறத்தாழ 6 லட்சம் குழந்தைகளைக் கண்காணித்ததில், கவசம் அணியாத ஐந்து வயதினருக்கும் அணிந்த ஆறு வயதினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தொற்று வயதோடு ஏறியது, அவ்வளவே.

மேலோட்டமாகப் பார்த்தால் பாஸ்டனும் கத்தலோனியாவும் ஒன்றை ஒன்று வெட்டுவதுபோல் தெரியும். பாஸ்டன் ஆய்வு பெரிய பிள்ளைகளும் பணியாளர்களும் அடங்கிய முழுப் பள்ளியைப் பார்த்தது; கத்தலோனிய ஆய்வு மிகச் சிறிய குழந்தைகளிடம் நின்றது. வயது ஏற ஏற முறையாக அணிய முடிகிறது, தொற்றும் கூடுகிறது, எனவே பயனும் கூடுகிறது என்று கொண்டால் இரண்டும் இசைந்துவிடுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் 2020 ஆகஸ்டில் வகுத்த நெறியும் இதே தடத்தில்தான் செல்கிறது: 5 வயது வரை வேண்டாம், 6 முதல் 11 வரை சூழலைப் பொறுத்து, பெரியவர் மேற்பார்வையில், 12 முதல் பெரியவர்களைப்போல. இந்தியச் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககமும் 2021 ஜூனில் இதையே சொன்னது.

காற்றோட்டத்தைப் பற்றி ஒரு சொல். மரத்தடி வகுப்பு நமக்குப் புதிதல்ல; வேம்பும் புங்கனும் இல்லாத ஊராட்சி ஒன்றியப் பள்ளி அரிது. கவசத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியைத் திறந்த வெளி வகுப்புக்குக் காட்டியிருந்தால், சிறு பிள்ளைகளின் முகத்தை மூடவேண்டிய தேவையே வெகுவாகக் குறைந்திருக்கும்.

5. வாய் மறைந்தால்

இந்தப் பகுதியில்தான் கவசத்தை எதிர்த்தோரின் வாதம் வலுவானது. ஆனால் அவர்கள் முன்வைத்த காரணம் பெரும்பாலும் மூச்சுத் திணறல். நோயில்லாத குழந்தைக்கு அந்த அச்சம் மிகையானது. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது.

தமிழ் எழுத்துகளைக் கற்பிப்பது செவிக்கு மட்டுமான வேலை அன்று, கண்ணுக்கும் உரியது. தொல்காப்பியத்துப் பிறப்பியல் ஒவ்வோர் ஒலிக்கும் நாவின் நுனி எங்கே தொடுகிறது, விளிம்பு எங்கே ஒற்றுகிறது, இதழ் எப்போது குவிகிறது என்று வகுத்துச் சொல்கிறது. முதல் வகுப்பு ஆசிரியை பிறப்பியலைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்வது அதுவே. பகரத்துக்கு இதழை மூடிக் காட்டுவார். வகரத்துக்குக் கீழுதட்டில் மேற்பல் பதிவதைக் காட்டுவார். ஊகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இதழைக் குவித்துக் காட்டுவார். ழகரம் வந்தால் வாயைத் திறந்து, நாக்கை மேலே வளைத்து, ‘என்னைப் பார்’ என்பார். வாழைப்பழம் வாளப்பளமாகாமல் பிள்ளைக்கு வந்துசேரும் வழி அந்தப் பார்வை. மூன்றடுக்குத் துணியின் பின்னால் அந்தப் பாடம் நடக்காது.

திருத்தணியில் இந்த இழப்பு இரட்டிப்பானது. இங்கும் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கங்களிலும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வீடுகள் பல. இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்தபின் இப்பிள்ளைகளும் தமிழ் படிக்கின்றனர். வீட்டில் செவி அறியாத ஒலியைப் பள்ளியில்தான் முதலில் கேட்கிறார்கள், ஆசிரியையின் வாயைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில் விசைத்தறியின் ஓசை பள்ளிச் சுவரைத் தாண்டி வரும். அந்த இரைச்சலில் துணிக்குப் பின்னாலிருந்து வரும் லகர, ளகர, ழகரங்களைப் பிரித்தறி என்று ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்பது கொடுமை.

செவித்திறன் குறைந்த பிள்ளையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். உதட்டசைவு அதற்குப் பாதி மொழி. சைகையில் பேசும் பிள்ளைக்கும் முகக்குறி இலக்கணத்தின் பகுதி. எந்த வயதானாலும் அந்த வகுப்பறைக்குப் பொது விதி பொருந்தாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணி இல்லாத கோடை இல்லை. 2022 ஜூன் 13 அன்று புதிய கல்வியாண்டு தொடங்கியபோது அனல் இன்னும் தணியவில்லை. மின்விசிறி ஓடாத பகலில் வியர்வையில் நனைந்த துணி, வடிகட்டியாகவும் பயன்படாது. அதோடு, 1982இலிருந்து சத்துணவு நடக்கும் மாநிலம் இது. மதியம் எல்லாக் கவசமும் கழன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் அரைமணி நேரத்துக்கு எந்த விதியாலும் பாதுகாப்பு தர முடியாது. அதற்காகக் காலை முழுவதும் அணிந்தது வீண் என்று சொல்லமாட்டேன். பயன் எந்த அளவுக்கு எட்டும் என்பதை அறிந்து விதி செய்திருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது மறுதட்டு. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, மூடல் முடிந்த 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் பின்னடைவையும் மொழியில் அதைவிடக் குறைந்த பின்னடைவையும் கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தால் வந்தது. இந்தக் கணக்கில் மற்றொரு செய்தி பொதிந்திருக்கிறது. அந்த ஆறு மாதங்களில் பெரும்பகுதி முகக்கவச விதி நடப்பில் இருந்த காலம். கவசம் கட்டிய பிள்ளைகள்தாம் இழந்ததை மீட்டார்கள். ஆகவே கவசத்தின் இழப்பு எவ்வளவு பெரிதானாலும், பூட்டிய கதவின் இழப்புக்கு அது ஈடாகாது.

ஆனால் மீட்சி எல்லோருக்கும் முழுமையாகவில்லை. இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்பினர் தமிழ்நாட்டில் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு என்கிறது ‘ஏசர்’ எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை. எட்டு வயதுக்குள் எண்ணும் எழுத்தும் வரவேண்டும் என்று அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், 2022 ஜூன் 13 அன்று திருத்தணி அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் முதலமைச்சரால் தொடங்கி வைக்கப்பட்டது. எழுத்தில் தடுமாறிய அந்த வயதுதான், ஆசிரியையின் வாயைப் பார்க்க மிகவும் தேவைப்பட்ட வயது.

6. யார் ஆணையிடுவது?

பொது இடங்களில் முகக்கவசம் அணியாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்ற விதி, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2020 செப்டம்பரில் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று பரவிய 2022 ஏப்ரலில் அது 500 ரூபாயாகத் திரும்பி வந்தது. அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தடுப்பூசி போட்டுக்கொள்ள எவரையும் வற்புறுத்த முடியாது என்றும், பொது நலனுக்கான கட்டுப்பாடுகள் தேவையின் அளவை மீறாமல் இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தடுப்பூசிக்குச் சொன்ன அந்த அளவுகோல் முகக்கவசத்துக்கும் பொருந்தும்.

அந்த அளவு இங்கே தவறியது வயதுக் கோட்டில். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிரம்பிய குழந்தை முதல் வகுப்பில் சேர்கிறது. மருத்துவ நெறிப்படி ஆறாவது பிறந்தநாள்வரை அதற்குக் கவசம் வேண்டியதில்லை. பள்ளி நெறிமுறையோ வகுப்பைப் பார்த்தது, வயதைப் பார்க்கவில்லை. இரண்டு துறைகளின் தாள்களும் ஒரே மேசைக்கு வந்து சேராததால் ஐந்தரை வயதுக் குழந்தை இடையில் சிக்கிக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இதில் ஒரு சொல் சொல்லவும் இடம் வைக்கப்படவில்லை. தன் பள்ளியில் எந்த அறைக்குச் சன்னல் இல்லை, எந்தப் பிள்ளைக்குக் காது மந்தம் என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

விதி வந்த நாள் தெரியும். வகுப்பறையை விட்டு அது போனது பெரும்பாலும் பழக்கம் தேய்ந்துதான். முடிவு நாள் குறிக்காத கட்டுப்பாட்டின்மேல் மக்களுக்கு மதிப்புக் குறையும். அடுத்த முறை உண்மையாகவே தேவைப்படும்போது அது எடுபடாது.

வாயை மூடுவது நம் மரபுக்கு அந்நியம் என்று சிலர் வாதிட்டனர். அதை ஏற்க முடியாது. கதிர்காமத்திலும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் முருகனுக்குப் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே செய்கிறார். முன்னிற்பவரின் தூய்மைக்காக வாயைக் கட்டுவது பணிவு என்பது முருகன் அடியார்களுக்குத் தெரிந்த ஒன்று. ஆனால் அது பெரியவர் தாமாக ஏற்கும் நோன்பு. அதன் பொருளை அறியும் வயதுப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்லி அணியச் செய்யலாம். அறியாத வயதில் அது வெறும் கட்டு.

7. துணிபு

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவருக்குத் தொற்று ஏறும் காலத்தில் முகக்கவசம் கட்டாயம் என்பது சரி. அதை எதிர்த்தவர்கள் பாட்டி தாத்தாக்களோடு வாழும் வீடுகளை மறந்து பேசினார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்புவரை பள்ளியின் காற்றோட்டத்தையும் ஊரின் தொற்று நிலையையும் பார்த்துப் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்யட்டும். வெளி வகுப்பில் எவருக்கும் வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கட்டாயம் கூடாது. மருத்துவ நெறியின் கோடு ஆறு வயதில் நின்றாலும், எழுத்தறியும் வயதை எண்ணி நான் இரண்டாம் வகுப்புவரை நீட்டுகிறேன்.

கடினமான இடம் ஒன்று மிஞ்சுகிறது. சான்றுகளின்படி மிகுந்த பயன் தருவது ஆசிரியரின் கவசம். குழந்தை மிகுதியாகப் பார்க்க வேண்டியதும் ஆசிரியரின் வாய்தான். இதற்கு முழுமையான தீர்வு இல்லை. தடுப்பூசி போட்ட ஆசிரியை எழுத்துப் பாட வேளையில் மட்டும் மரத்தடியில், தள்ளி நின்று, கவசத்தைக் கழற்றிக் கற்பிக்கலாம். அதில் சிறு ஆபத்து உண்டு. அதை ஏற்கலாம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் எழுத்தறியும் வயதில் நேர்ந்த இழப்பின் அளவை 2022ஆம் ஆண்டின் 4.8 விழுக்காட்டில் பார்த்துவிட்டோம்.

வயதும் முடிவு நாளும் குறித்த இப்படியொரு விதியை, இன்னொரு தொற்று வரும்வரை காத்திராமல் சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் ஒன்றாக உட்கார்ந்து இப்போதே எழுதி வைக்க வேண்டும். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.